கேட் பதிவேட்டில் லிங்கப்பன்

நிலக்கரிக் கப்பலிலிருந்து இறங்கியவன்
பாஸ்போர்ட்டை நீட்டினான்: ரோடெல் லிங்பாவன்.
செக்யூரிட்டி எழுத்துக்கூட்டிப் பார்த்து
"லிங்கப்பன்" என்று எழுதி, நேரம் போட்டு
என் வண்டியில் ஏற்றிவிட்டான்.
பாரிமுனை. ஒரு சிம் கார்டு, ரெண்டு தைலம்,
ஆறு மணிக்குள் திரும்பணும்.

எண்ணூர்ப் பாலத்தில் வழக்கம்போல் நெரிசல்.
முன்னே டிப்பர், பின்னே டிப்பர், நடுவில் சாம்பல்.
அவன் கண்ணாடியை இறக்கினான்.
கீழே கொசஸ்தலையில் நாலு பெண்கள்,
குனிந்தால் கழுத்தளவு தண்ணீர்.
கைகள் சேற்றைத் துழாவ, பல்லில் பறி.

"அவங்க யாரு?"

இதற்கு என்னிடம் பத்து வருஷமாக ஒரே பதில்.
"லோக்கல் பீப்பிள்."
அன்றைக்கும் வாய் அதைத்தான் சொன்னது.
இடமிருந்து மூணாவது
என் பொண்டாட்டி கிளியம்மா.

லாரி நகரவில்லை.
அரைகுறை இங்கிலீஷில், பாதி கையால், அவன் சொன்னது:

எங்க அம்மாவுக்கு மணிக்கட்டுலேர்ந்து தோள்வரைக்கும்
பூரான், பெரணி இலை, பாம்புச் செதில்.
பம்பளிமாஸ் முள்ளுல புகைக்கரி தொட்டுக் குத்தினது.
ஆத்துல அணை கட்ட அளக்க வந்தாங்க,
பட்டாளத்தோட.
ஆம்பளைங்க போனா சுடுவாங்கன்னு
பொம்பளைங்க போனாங்க.
கூடாரத்தைப் பிடுங்கிச் சுருட்டி
மலையெல்லாம் சுமந்துட்டுப் போய்
பட்டாளத்து வாசல்லயே போட்டாங்க.
அணை வரல.

"இங்க?"

நான் புகைபோக்கிகளைக் காட்டினேன்.
எண்ணி முடிக்கும்வரை பேசாமலிருந்தான்.

பிறகு இன்னொன்று. அவன் பிறப்பதற்கு வெகுமுன்னே,
பக்கத்து மலை ஆட்களைக் கப்பலேற்றிப் போய்
அமெரிக்காவில் பொருட்காட்சி வைத்தார்களாம்.
வேலி. குடிசை. டிக்கெட்.
எப்போதோ சடங்குக்கு அடிக்கிற நாயை
கூட்டம் பார்க்கத் திரும்பத் திரும்ப அடித்துத் தின்னணும்.

சிரித்துவிட்டேன். சிரித்தபிறகுதான்
எதற்கென்று விளங்கியது.

பொன்னேரி ஆபீஸ். மகளின் நர்சிங் சீட்டுக்காக
சாதிச் சான்றிதழ் கேட்டு மூணாவது நடை.
நாற்காலியில் இருந்தவர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"இருளர்னா பாம்பு புடிக்கணுமே,
உம் பொண்ணு புடிப்பாளா?"
என் சுகுணவல்லி கரப்பானுக்கே அலறுவாள்.
மார்க் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எந்தப் பயணியிடமும் இதைச் சொன்னதில்லை.
சொல்லிவிட்டு, விரலால் காட்டினேன்:
மூணாவது. என் வொய்ஃப்.

அவன் ஷூவைக் கழற்றினான்.
பாறையில் வழுக்கி, பேன்ட்டோடு தண்ணீருக்குள்.
"யாருடா அது, சைனாக்காரன் எறங்கறான்!"
கரையிலிருந்து ஒரு பையன் கத்தினான்.
பெண்கள் கத்தவில்லை.
பறி பல்லில் இருக்கும்போது பேச முடியாது,
பேசினால் இறால் போய்விடும்.

அவனும் குனிந்து துழாவினான்.
எங்க ஊர்லயும் கல்லுக்கடியில இப்படித்தான் என்றான்.
கிடைத்தது ஒரு செருப்பு வார்,
அப்புறம் சாம்பல், கைநிறையச் சாம்பல்.
கிளியம்மா பறியைப் பல்லிலிருந்து எடுத்தாள்.
"இன்னா, ஒன் ஆளா?"
"ஆமா."
இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து கரையேறி
துணிமூட்டைக்குள்ளிருந்த பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.
குடித்துவிட்டு அவன் சொன்னான்:
ஒரு ஊர்த் தண்ணிய வாங்கிக் குடிச்சிட்டா
எங்க மலையில
அந்த ஊர்தான் அந்த உசுருக்குப் பொறுப்பு.
அதை நான் தமிழில் சொன்னேன்.
"அய்யய்ய, ஏற்கெனவே எனக்கு மூணு பேரு கீறீங்க"
என்றாள். பறி மறுபடி பல்லுக்குப் போனது.

பாரிமுனை போகவே இல்லை.
தைலம் எண்ணூர்ப் பெட்டிக்கடையில். சிம் கிடைக்கவில்லை.
கேட்டில் ஆறு பத்து.
"லிங்கப்பன் லேட்டு" என்று செக்யூரிட்டி பதிவேட்டைத் திருப்பினான்.
"லிங்பாவன். சரியா எழுது."
"ரெண்டும் ஒண்ணுதாம்பா.
இன்னாய்யா, ரெண்டு பேரும் ஈரமா?"

"பாம்பு புடிக்கப் போனோம்" என்றேன்.